தீவுகளின் மின்சாரம்: விடுபட்ட ஒரு கையொப்பம்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளின் மின்சாரத்தை மாற்றி அமைப்பதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச் 1ஆம் திகதி கையொப்பமானது. தேசிய மின்வலையமைப்பின் கம்பி கடலைத் தாண்டி இந்தத் தீவுகளுக்குப் போகவில்லை. எண்ணெய்தான் போகிறது. இதுநாள்வரை அங்கே விளக்கெரிய வைத்தவை டீசல் மின்பிறப்பாக்கிகள். அவற்றின் இடத்துக்கு 530 கிலோவாட் காற்று மின்சாரமும் 1700 கிலோவாட் சூரிய மின்சாரமும், 2400 கிலோவாட் மணித்தியாலத்தைச் சேமிக்கும் மின்கலத் தொகுதியும் வருகின்றன. செலவு சுமார் 11 மில்லியன் அமெரிக்க டொலர். அது இந்திய அரசின் நன்கொடை. அமைத்துக் கொடுக்கும் பொறுப்பு பெங்களூரைச் சேர்ந்த யூ சோலார் நிறுவனத்துக்கு. இலங்கையின் பக்கத்தில் நிலைபெறுதகு வலு அதிகாரசபை. செய்தித் தலைப்புகளுக்கு இவ்வளவு போதுமாக இருந்தது. ஆனால் பட்டியலின் கடைசியில் இன்னோர் உருப்படி இருக்கிறது: காத்திருப்பு நிலையில் 2500 கிலோவாட் டீசல். காற்றையும் வெயிலையும் கூட்டினால் 2230. டீசல் தனியாக 2500.

இதில் ஒளிப்புமறைப்பு எதுவும் இல்லை. பொறியியல் கணக்கு அப்படித்தான் வரும். சோழகம் பலமாக வீசும் மாதங்களில் காற்றாலை நன்றாகச் சுற்றும். வாடை பிறந்தாலும் சுற்றும். இரண்டுக்கும் இடையில் காற்று ஓய்ந்துபோகும் வாரங்கள் உண்டு. கார்த்திகை மாரியில் பகல் முழுவதும் வெயிலைக் காணாத நாட்களும் உண்டு. மூன்று தீவுகளும் சேர்ந்து 400 கிலோவாட் இழுத்தால், நிறைந்திருக்கும் மின்கலத் தொகுதி ஆறு மணித்தியாலம் தாங்கும். அதற்குப் பிறகு வைத்தியசாலையின் குளிர்ப்பெட்டிக்கும் கடலுணவுக்கான பனிக்கட்டிக்கும் டீசல்தான் கைகொடுக்க வேண்டும். ஆகவே டீசலை வைத்திருப்பது தவறல்ல. வைத்திருக்கிறோம் என்றால் அதனோடு சேர்ந்து எண்ணெய்த் தொட்டியும், கழிவெண்ணெயும், அவை நிற்கும் நிலமும் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு அந்தத் தீவுகளில் இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய நிலையம் போகவில்லை, ஓய்வில் இருக்கப்போகிறது. அதை யார் கவனிப்பது, யார் எப்போது அகற்றுவது, அகற்றிய பின் மண்ணையும் நீரையும் யார் சோதித்துக் கையளிப்பது என்ற கேள்விகளுக்கு அங்கே வாழ்பவர்களின் உள்ளூராட்சி மன்றமும் ஒரு தரப்பாக இருந்து பதில் எழுத வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மின்சாரத்தை வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் மட்டும் முடியும் ஒப்பந்தத்தில் மண்ணுக்கும் கிணற்றுக்கும் ஆள் இருப்பதில்லை. இதை நாம் ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. சுன்னாகத்தில் கண்டுவிட்டோம்.

சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையம் 1958இலிருந்தே இருக்கிறது. 1990இல் போர் மின்கம்பிகளை அறுத்தபோது குடாநாடு தேசிய வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கையில் கிடைத்த இயந்திரங்களில் ஓடிய மின்சாரம்தான் யாழ்ப்பாணத்துக்கு. போரின் கடைசி ஆண்டுகளில் மின்சார சபை தனியார் நிறுவனமான நொதேர்ண் பவரோடு மின்கொள்வனவு உடன்படிக்கை செய்தது. அதே வளவுக்குள் எண்ணெயில் இயங்கும் புதிய நிலையம் எழுந்தது. இருளில் இருந்த ஊருக்கு அந்த மின்சாரம் தேவைப்பட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது எழுந்த இடம் வலிகாமத்தின் நடு. கீழே சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி நகரும் நீர், மேலே செம்மண். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை; வழுக்கையாறு மாரியில் மட்டும் ஆறு. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் ஒரே நிலத்தடி நீர். ஓரிடத்தில் ஊற்றினால் வேறோரிடத்தில் ஊறும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2014இல் செய்த சோதனையில் அந்தச் சுற்றுவட்டாரத்தின் 150 கிணறுகளில் 109இல் எண்ணெயும் கிறீசும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. பவுசரில் தண்ணீர் வந்தது. மல்லாகம் நீதிமன்றம் வரை விடயம் போய், 2015இல் நிலையம் நின்றது.

உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி அளித்த தீர்ப்பை இன்னும் பரவலாக வாசித்திருக்க வேண்டும். தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளர் ரவீந்திர குணவர்தன காரியவசம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை வழக்கு அது. (வலிகாமத்துக் கிணறுகளுக்காகக் கொழும்பில் வழக்காடியவர் தெற்கத்தியர் என்பதை நம் அரசியல்வாதிகள் மேடைகளில் அதிகம் சொல்வதில்லை.) மாசுக்கு வேறு காரணங்களும் உண்டு, நிலையத்தின் பழைய வரலாற்றையும் பார்க்க வேண்டும் என்றெல்லாம் எதிர்வாதம் வந்தது. நிறுவனத்தின் செயற்பாடு நிலத்தடி நீர் மாசடைவதற்குப் பங்களித்தது என்று நீதிமன்றம் கண்டது. மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி 20 மில்லியன் ரூபா செலுத்தப் பணித்தது. கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் தம் கடமையில் தவறியதையும் சுட்டிக்காட்டியது. அந்தத் தொகையைக் கிணறுகளின் மேல் பிரித்துப் பாருங்கள். 500 கிணறுகளைச் சீராக்குவதென்றால் ஒரு கிணற்றுக்கு 40,000 ரூபா. தலைமுறைகளாகக் குடித்த நீர் ஊற்றுக்கு அது என்ன விலை? குறை நீதிமன்றத்தினது அல்ல. சேதம் நடந்து முடிந்த பிறகு, எந்த எண்ணெய் யாருடையது என்று தேடிக்கொண்டு போகும் வழக்கில் அதற்கு மேல் பெறுவது கடினம். பணி தொடங்குமுன் கிணறுகளைச் சோதித்து அளவுகளை எழுதி வைத்திருந்தால், துப்புரவுக்கான பணத்தை ஆரம்பத்திலேயே வைப்பில் இட வைத்திருந்தால், நிறுவனம் எடுத்த அந்த எதிர்வாதத்துக்கே இடம் இருந்திருக்காது. அந்த நிபந்தனைகளைக் கேட்பதற்கு மேசையில் வலிகாமத்தவர் ஒருவரும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு நாட்காட்டியே பதில் சொல்கிறது. 1998க்குப் பிறகு வலிகாமத்தில் பிரதேச சபைத் தேர்தல் நடந்தது 2011 ஜூலையில். யாழ். மாநகர சபைக்கு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2009 ஓகஸ்டில். வட மாகாண சபை முதன்முதலாகத் தெரிவானது 2013 செப்டெம்பரில். சுன்னாகத்தின் உடன்படிக்கை எழுதப்பட்டபோதும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கியபோதும் அந்த மண்ணில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை எதுவும் உயிரோடு இருக்கவில்லை. போர்க்காலம், விதிவிலக்கான நிலை என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் தீவுகளின் ஒப்பந்தத்துக்கு வாருங்கள். மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநரின் கையில்தான் மாகாணம். உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இடையில் வருகிறது 2024 மார்ச் 1. போர் முடிந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகும், குடாநாட்டு மின்சாரத்தின் இன்னொரு பெரிய முடிவு, அந்த மக்கள் வாக்களித்த ஒரு சபைகூட இல்லாத நாளில் கையொப்பமாகியிருக்கிறது. 2022 மார்ச்சில் இலங்கையும் இந்தியாவும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தபோது பிரதேச சபைகள் இருந்தன என்பது உண்மை. அப்போதும் அது இரு அரசுகளின் விவகாரமாகவே நடந்தது. சதி என்று நான் சொல்லவில்லை. சபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியாத ஒரு முறைமை என்கிறேன், அதுதான் சதியைவிடக் கவலைக்குரியது.

இத்தனைக்கும் சட்டம் வேறு கதை சொல்கிறது. 13ஆவது திருத்தத்தின் மாகாண சபை நிரலில் மின்வலுவுக்கு ஓர் இடம் உண்டு: மாகாணத்துக்குள் மின்னுற்பத்திக்கான இடங்களையும் வசதிகளையும் விருத்தி செய்தல், பேணுதல், முகாமை செய்தல். விதிவிலக்கு இரண்டே இரண்டு. ஒன்று நீர்மின்சாரம், மற்றது தேசிய வலையமைப்புக்கு ஊட்டும் மின்சாரம். வடக்கில் நீர்மின்சாரத்துக்கு வழியே இல்லை. சுன்னாகத்து மின்சாரமும், பளைப் பக்கத்தில் 2014இலிருந்து சுற்றும் காற்றாலைகளின் மின்சாரமும் இன்று தேசிய வலையமைப்பைச் சேர்ந்தவை என்பதால் அவை கொழும்பின் விடயம் என்று வாதிடலாம். நெடுந்தீவின் மின்சாரம்? அது எந்த வலையமைப்புக்கும் ஊட்டவில்லை. தீவில் பிறந்து தீவிலேயே முடிகிறது. அதிகாரப் பகிர்வைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசியும் எழுதியும் வருகிற நாம், காணி, பொலிஸ் என்ற இரண்டு சொற்களைத் தாண்டி அந்த நிரலை வாசித்திருந்தால், மாகாணத்துக்கு என்றே எழுதி வைக்கப்பட்ட ஒரு சிறு மின்னுற்பத்தி நிலையம் எங்கே இருக்கிறது என்று கேட்டிருப்போம். எழுவைதீவில் முன்பே ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இத்தகைய கலப்பு நிலையம் அமைந்தது; அப்போதும் இந்தக் கேள்வி எழவில்லை. மாகாண சபை இல்லாத இடைக்காலத்தில் அந்தப் பங்கை நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச சபைகளிடம் ஒப்படைப்பதற்குச் சட்டம் வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க விரும்பினால் கண்டுபிடிக்கலாம்.

கையொப்பமிடும் இடம் கிடைத்தால் அந்தச் சபைகள் என்ன செய்யும் என்பது நியாயமான கேள்வி. முதல் வேலை, ஒரு மண்வெட்டி நிலத்தில் படுமுன் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீரைச் சோதித்துப் பெறுபேறுகளைச் சபையின் சுவரில் ஒட்டுவது. தீவுகளில் நன்னீர் என்பது உப்புநீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கும் மழைநீர்தான். நெடுந்தீவில் சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளை ஊரே நம்பியிருப்பது அதனால்தான். முருகைக்கல்லால் வேலி கட்டும் அளவுக்குத் துளைகள் நிறைந்த நிலம் அது. சிந்திய எண்ணெய் அங்கே தங்கி நிற்காது, இறங்கிவிடும். ஆகவே எண்ணெய்த் தொட்டியைச் சுற்றிச் சிந்தினாலும் வெளியே போகாத கட்டு, ஆண்டுக்கு இரு தடவை சோதிக்கும் கண்காணிப்புக் கிணறுகள், சோதனைக்குச் செல்லச் சபைக்கு உரிமை, இவை உடன்படிக்கையின் வாசகமாக வேண்டும். பழைய இயந்திரங்கள் நின்ற வளவை எந்த நிலையில் திருப்பிக் கையளிப்பது என்பதும் எழுதப்பட வேண்டும். மின்கலங்களின் ஆயுள் முடியும்போது அவற்றைக் கடல் தாண்டி எடுத்துச் செல்வது யார் பொறுப்பு? இதை இன்றே கேட்காவிட்டால் பன்னிரண்டோ பதினைந்தோ ஆண்டுகள் கழித்து அவை ஏதாவது ஒரு மதிலின் பின்னால் கிடக்கும். நன்கொடை தந்தவரின் கடமை கையளிப்பு விழாவோடு முடிந்திருக்கும், அமைத்த நிறுவனத்தின் உத்தரவாதக் காலம் கடந்திருக்கும். எஞ்சுவது மின்சார சபை. அந்தச் சபையோ 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டு வந்த திருத்தத்தாலும் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்படுகிறது. சொத்துகள் எந்த நிறுவனத்துக்குப் போகும் என்று பேசுபவர்கள் நிறையப் பேர். மண்ணுக்குள் இறங்கிய எண்ணெய் எந்த நிறுவனத்தின் கணக்கில் சேரும் என்று பேச ஆளைக் காணோம்.

இப்படியெல்லாம் உலகில் எங்கே நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு இடங்களைக் காட்டலாம். ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் ஒன்றான எல் இயெரோ நம் தீவகத்தைப் போலவே டீசலை நம்பியிருந்தது. அங்கே 11.5 மெகாவாட் காற்றாலைகளும், மிகுதிக் காற்றைக் கொண்டு நீரை மேலேற்றிச் சேமிக்கும் அமைப்பும் 2014இல் தொடங்கின. அதை நடத்தும் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கு தீவின் சபைக்கு. டீசல் நிலையத்தை வைத்திருந்த பெரிய மின் நிறுவனமான எண்டெசா சிறுபங்காளி. டீசல் அங்கேயும் ஒழியவில்லை. ஆண்டுக் கணக்கில் சுமார் பாதி மின்சாரம்தான் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது. வித்தியாசம், எந்த நாளில் எவ்வளவு டீசல் எரிந்தது என்பது தீவின் சபைக்கே தெரியும். வருமானத்திலும் அதற்குப் பங்கு உண்டு. மற்ற இடம் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் உள்ள அலெக்சாந்திரியா நகரம். பொட்டோமாக் ஆற்றங்கரையில் 1949இலிருந்து ஓடிய நிலக்கரி நிலையத்தோடு அந்த நகரசபை பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. முதலில் புகையைக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்காக நிறுவனத்திடமிருந்து 34 மில்லியன் டொலர் ஒதுக்க வைத்தது. பின்னர் 2011இல், நிலையத்தையே மூடுவதானால் செலவாகாமல் கிடக்கும் அந்தப் பணத்தைத் திருப்பித் தரலாம் என்று உடன்பாடு செய்தது. 2012 ஒக்டோபரில் நிலையம் மூடப்பட்டது. இதில் நமக்குப் பாடம் அடுத்த ஆண்டு நடந்தது: நிலத்தடி எண்ணெய்த் தொட்டிகளிலிருந்து கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. மூடும் திகதியை வென்றெடுத்த நகரமே மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தது. மூடுவது வேறு, சுத்தமாக்குவது வேறு.

எதிர்வாதங்களில் முதலாவது, தாமதம். தீவுக்காரர் காத்திருந்தது போதும், இன்னொரு தரப்பைச் சேர்த்தால் இன்னொரு வருடம் போகும் என்பார்கள். இதுவரை போன வருடங்கள் யாரால் போயின? 2021 ஜனவரியில் இந்தத் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் ஏற்பாட்டில் சீனாவின் சினோசோர்–எடெக்வின் கூட்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் சீன நிறுவனமா என்று இந்தியா ஆட்சேபித்தது. அந்த ஆண்டின் இறுதியில் சீனத் தூதரகம் மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை காரணமாகத் திட்டம் நிறுத்தப்பட்டதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு. ஒப்பந்தத்துக்கு மேலும் இரண்டு ஆண்டுகள். நெடுந்தீவுப் பிரதேச சபை இதில் ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை. வீணாக்க அதற்கு வாய்ப்பே தரப்படவில்லை. பீஜிங்குக்கும் டெல்லிக்கும் மூன்று ஆண்டுகள் கொடுக்க முடிந்த கொழும்பு, தீவின் சபைக்கு மூன்று மாதம் கொடுத்தால் குடி முழுகிவிடாது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது இரண்டாவது. பார்க்கலாம், மாட்டைக் கட்டப்போகும் பட்டி நம்முடையது என்பதால். நன்கொடை என்பது வாங்கும் செலவை மட்டும் நீக்குகிறது. வைத்திருக்கும் செலவையும் அகற்றும் செலவையும் அல்ல. இதோடு சேர்ந்த இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. தீவில் ஓர் அலகு மின்சாரத்தை டீசலில் உற்பத்தி செய்ய ஆகும் செலவு தீவுவாசி செலுத்தும் கட்டணத்தைவிட மிக அதிகம். நாடு முழுவதும் ஒரே கட்டணம் என்பதால் அந்த நட்டத்தைக் கொழும்பிலும் காலியிலும் உள்ள பாவனையாளர்தான் சுமக்கிறார். சுமப்பவருக்குத்தானே முடிவெடுக்கும் உரிமை? நட்டம் உண்மை. கட்டணம், முதலீடு, எந்த இயந்திரம் என்பனவற்றில் மின்சார சபையின் முடிவே கடைசி முடிவாக இருக்கட்டும், அதில் தகராறு இல்லை. ஆனால் அந்தக் காலிப் பாவனையாளர் நெடுந்தீவின் கிணற்று நீரைக் குடிப்பதில்லை. பணத்தின் சுமை ஒரு தரப்புக்கு, மண்ணின் சுமை இன்னொரு தரப்புக்கு என்றால் ஒப்பந்தத்தில் இரண்டு தரப்பும் இருப்பதுதான் முறை. இந்த நாட்டின் நீதிமன்றத்துக்கு இது புதிதும் அல்ல. எப்பாவல பொஸ்பேற் சுரங்கத்தை வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் உடன்படிக்கைக்கு எதிராக அந்த ஊர்க்காரர் போன வழக்கில், அரசும் நிறுவனமும் தமக்குள் பேசி முடித்துக்கொண்டால் போதும் என்ற நிலைப்பாட்டை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே ஏற்கவில்லை.

மூன்றாவது எதிர்வாதம்தான் உண்மையில் குத்துகிறது. உள்ளூர் சபை இருந்தால் மட்டும் என்ன கிழித்துவிடும்? சுன்னாகத்தில் எண்ணெய்ப் பிரச்சினை வெடித்தபோது வட மாகாண சபை இருந்ததே. அது அமைத்த நிபுணர் குழு அச்சப்படத்தக்க மாசு இல்லை என்ற தோரணையில் அறிக்கை தந்தது. நீர் வழங்கல் சபையின் சோதனையோ வேறு சொன்னது. இரண்டுக்கும் நடுவில் மக்கள் எந்தத் தண்ணீரைக் குடிப்பதென்று தெரியாமல் வீதிக்கு வந்தார்கள். அந்த அத்தியாயம் நமக்குப் பெருமை சேர்ப்பதல்ல, அதை மறைத்துவிட்டு உள்ளூர் அதிகாரத்துக்காக வாதாடுவது நேர்மையும் அல்ல. ஆனால் அந்தத் தோல்வியின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். மாகாண சபை, தான் தரப்பாக இல்லாத ஓர் உடன்படிக்கையின் விளைவுக்கு, காலம் கடந்து, கருத்துச் சொல்லப் புறப்பட்டது. எந்தக் கிணறுகளை, எந்த முறையில், யார் சோதிப்பது என்பது முன்கூட்டியே இணங்கப்பட்டிருக்கவில்லை. அதனால் விஞ்ஞானம் கட்சி பிரிந்தது. சோதனை முறையை உடன்படிக்கையிலேயே எழுதி, பெறுபேறுகளைப் பகிரங்கமாக்கிவிட்டால், சபையில் நல்லவர் இருந்தாலும் வல்லவர் இருந்தாலும் இருவரும் இல்லாவிட்டாலும் எண்கள் பேசும். பிரதேச சபை உறுப்பினர்களுக்கு மின்பொறியியல் தெரியாது என்பதற்கும் இதுவே பதில். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. சபைக்கு அறிவுரை சொல்ல ஆள் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

தீவுகளில் இந்த வழக்கம் ஒரு தடவை உண்டானால் பெருநிலத்தில் அது உடனே பயன்படும், ஏனென்றால் சுன்னாகத்தின் கதை முடியவில்லை. நொதேர்ண் பவர் நின்றது. 2013இல் தொடங்கிய மின்சார சபையின் 24 மெகாவாட் உத்துரு ஜனனி எண்ணெய் நிலையம் இன்னும் இருக்கிறது. எண்ணெய் நிலையம் என்றாலே மூடு என்று கோஷம் போடுவது எளிது; நான் அந்தப் பக்கம் இல்லை. கிளிநொச்சியிலிருந்து வரும் 132 கிலோவோல்ட் கம்பியின் கடைசி முனையில் இருக்கிறது குடாநாடு. கம்பி போனால் கைவசம் ஏதாவது இருக்க வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடே இருண்டது. குரங்கைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் கேள்வி குறைந்த விடுமுறைப் பகலில் வலையமைப்பில் சூரிய மின்சாரம் நிறைந்து, சமநிலையைத் தாங்கும் சுழலும் இயந்திரங்கள் குறைந்திருந்ததே அந்தச் சிறு அதிர்வு பெருஞ்சரிவானதற்குக் காரணம் என்பது பொறியியலாளர் தந்த விளக்கம். இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்க வேண்டி வந்தது. ஆகவே உத்துரு ஜனனி இன்னும் சில காலம் தேவைப்படலாம். தேவைப்படுகிறது என்பதால் அதன் முடிவைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஆகாது. எந்தச் சேமிப்பு, எந்த மாற்றுக் கம்பி வந்தால் அது ஓய்வு பெறும், அதுவரை ஆண்டுக்கு எத்தனை மணித்தியாலம் ஓடலாம், கழிவெண்ணெய் எங்கே போகிறது, மூடும் நாளுக்காக இப்போதிருந்தே எவ்வளவு பணம் ஒதுக்கப்படுகிறது என்பதை வலிகாமம் தெற்குப் பிரதேச சபையோடு மின்சார சபை எழுத்தில் வைத்தால் போதும். மின்னுற்பத்தியில் ஒரு மெகாவாட்கூட இதனால் குறையாது.

முதலீட்டாளர் பயந்து ஓடிவிடுவார் என்று கடைசியாக ஒன்று சொல்வார்கள். பூநகரியிலும் மன்னாரிலும் 484 மெகாவாட் காற்றாலை அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியதை உதாரணம் காட்டுவார்கள். அந்த விலகலுக்கு முன் நின்ற சர்ச்சை விலையைப் பற்றியது. போட்டிக் கேள்விமனு இல்லாமல் கொடுக்கப்பட்டது, புதிய அரசு கட்டணத்தை மறுபரிசீலனை செய்தது, மன்னாரில் பறவைகளின் வழித்தடம் பற்றி வழக்கும் போனது. உள்ளூர் மக்களோடு ஆரம்பத்தில் பேசாததால் பின்னால் நீதிமன்றத்தில் பேச வேண்டி வந்ததற்கு அது உதாரணமே தவிர, பேசியதால் முதலீடு போனதற்கு அல்ல. துப்புரவுச் செலவு இவ்வளவு, வைப்புத் தொகை இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால் ஒரு நிறுவனம் அதை விலையில் சேர்த்துக் கணக்குப் போடும். பத்து ஆண்டுகள் கழித்து வரக்கூடிய ஓர் அடிப்படை உரிமை வழக்கை எந்தக் கணக்காளராலும் விலையில் சேர்க்க முடியாது.

2025 மேயில் தெரிவான சபைகள் பதவியில் இருக்கின்றன. ஒப்பந்தம் கையொப்பமாகிவிட்டது என்பதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. துணை உடன்படிக்கை ஒன்றுக்கு எப்போதும் இடம் உண்டு. நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைச் சபைகள் மூன்றும் ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, நிலைபெறுதகு வலு அதிகாரசபையிடம் ஒப்பந்தத்தின் பிரதியைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கையில் கிடைத்ததும் முதலில் தேட வேண்டிய பக்கம் காற்றாலையைப் பற்றியது அல்ல, 2500 கிலோவாட் டீசலைப் பற்றியது. கிணற்று நீர்ச் சோதனைக்கு நீர் வழங்கல் சபையை அழைக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதை அடுத்த மாரிக்கு முன் செய்தால், எண்ணெய்த் தொட்டியில் புதிய டீசல் நிரம்புமுன் தீவின் நீர் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு பதிவு இருக்கும். சுன்னாகத்தில் அந்தப் பதிவு இருக்கவில்லை.